முதியோரின் தோள்மூட்டு எலும்பு முறிவு: அறுவைக்கு முன்னும் பின்னும் எலும்பின் வலுவைக் கவனிக்கும் முறை

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால், பாளையங்கோட்டையில் நான் இயன்முறை மருத்துவம் பார்க்கும் அறைக்கு வரும் முதியோரில் சிலர் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பதைக் காண்பேன். அடிபட்ட கையின் முழங்கையை மற்றக் கையால் ஏந்தி, விலாவோடு அணைத்து, உடலை அந்தப் பக்கமாகச் சற்றே சாய்த்து, மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு இருப்பார்கள். வாசற்படியில் வழுக்கியது, குளியலறையில் கால் சறுக்கியது, குறுக்குத்துறைப் படித்துறையில் பாசியை மிதித்தது என்று காரணம் மாறுமே தவிர, முறிந்த இடம் பெரும்பாலும் ஒன்றே. மேற்கை எலும்பின் தலைப்பகுதி, தோள்மூட்டை ஒட்டி முறிந்திருக்கும். முதுகெலும்பை விட்டுவிட்டால், இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் அடுத்தபடியாக முதியோருக்கு அதிகம் முறிவது இந்த இடம்தான்.

என் தாய்வழி ஆச்சிக்கும் இப்படித்தான் நேர்ந்தது. முக்கூடல் பக்கத்து ஊரில் ஐம்பது ஆண்டு பீடி சுற்றியவர். எழுபத்து நான்காம் வயதில் ஈர முற்றத்தில் விழுந்தார். பிளேட் வைத்து அறுவை செய்தார்கள். மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்தபோது எல்லாம் நேராகவே இருந்தது. ஐந்தாவது வாரம் ஒரு நாள், "ஏ மக்கா, கையத் தூக்கும்போது உள்ளுக்குள்ள நறநறங்குதே" என்றார். புதிதாக எடுத்த படத்தில் எலும்புத் தலை உட்புறமாகச் சரிந்திருந்தது; இரண்டு ஸ்க்ரூக்களின் முனை மூட்டுக்குள் எட்டிப் பார்த்தது. இரண்டாவது அறுவை தேவைப்பட்டது. முதல் அறுவைக்கு முன்போ பின்போ அவருடைய எலும்பின் வலுவை யாரும் அளந்திருக்கவில்லை. அப்போது படிப்பை முடித்து வேலையிலும் சேர்ந்திருந்த நானும் அதைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எப்போது, யாரிடம், எப்படிக் கேட்பது என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: விழுந்த அன்று

முதலில் அடிபட்ட கையிலுள்ள மோதிரத்தையும் வளையல்களையும் கழற்றிவிடுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சில மணி நேரத்தில் கை வீங்கத் தொடங்கும்; பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். முழங்கையை மடக்கி, ஒரு துண்டையோ பழைய சேலைத் துணியையோ கழுத்தில் தொட்டிலாகக் கட்டி, கையை உடம்போடு சேர்த்துத் தாங்குங்கள். தோளை இழுத்துப் பார்ப்பதும், தைலம் தேய்த்து உருவுவதும் கூடாது. நம் பக்கத்தில் எலும்புக்கட்டு வைத்தியத்துக்கு நீண்ட மரபு உண்டு. அந்த வைத்தியர்கள்மீது ஊருக்கு உள்ள மதிப்பையும் நான் அறிவேன். ஆனால் தோள்மூட்டில் பல துண்டாக முறிந்த எலும்பையும், மூட்டை விட்டு விலகிய எலும்பையும் படம் எடுக்காமல் கையால் தடவி வேறுபடுத்திவிட முடியாது. எனவே கட்டுக்கு முன் எக்ஸ்ரே அவசியம்.

விரல்கள் குளிர்ந்து வெளுத்திருந்தாலோ, மணிக்கட்டில் நாடி தென்படாவிட்டாலோ, மணிக்கட்டை மேலே தூக்க முடியாமல் தொங்கினாலோ, தோளின் வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போயிருந்தாலோ, 108 ஆம்புலன்ஸை அழைத்து உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முறிந்த இடத்தை ஒட்டியே அக்குள் இரத்தக்குழாயும் தோள்தசைக்குச் செல்லும் நரம்பும் ஓடுகின்றன. வலிப்பது தோள் என்பதால் விரல்களைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

மூன்றாம் நாளிலிருந்து கருநீலத் தடம் தோளிலிருந்து முழங்கை வரையிலும், சிலருக்கு மார்பின் பக்கவாட்டிலும் இறங்கும். பிறகு பச்சையாகி மஞ்சளாகி மறையும். எலும்பிலிருந்து கசிந்த இரத்தம் கீழ்நோக்கி வடிவதே இதற்குக் காரணம். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் தீங்கில்லாதது. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு வீக்கம் இறுகிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாம் படி: அறுவை தேவையா என்பதைக் கேட்டறிதல்

எலும்பு முறிந்தது என்றாலே அறுவைதான் என்று நினைத்துக்கொண்டு பணத்துக்கு அலையும் குடும்பங்கள் பல உண்டு. ஸ்லிங் (கையைக் கழுத்திலிருந்து தாங்கும் தொட்டில்) போட்டு அனுப்பினால் சரியாகக் கவனிக்கவில்லை என்று வருந்துபவர்களும் உண்டு. இந்த முறிவுகளில் பெரும்பாலானவை அதிகம் விலகாதவை. அவை ஸ்லிங்கிலும் படிப்படியான பயிற்சியிலும் கூடிவிடும். எலும்புத் தலை, தசைநார்கள் பற்றியிருக்கும் பெரிய முண்டு, சிறிய முண்டு, கீழே உள்ள தண்டு என நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதி 1 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தாலோ 45 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தாலோதான் அதை விலகிய துண்டாகக் கணக்கிடும் முறையை அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் 1970இல் வகுத்தார். இன்றும் மருத்துவர்கள் "இரண்டு துண்டு, மூன்று துண்டு, நான்கு துண்டு" என்று சொல்வது அந்தக் கணக்கைத்தான்.

விலகிய முறிவுகளிலும் அறுவை எப்போதும் கூடுதல் பலன் தருவதில்லை. பிரிட்டனில் 250 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களுக்கும் ஸ்லிங்கில் விடப்பட்டவர்களுக்கும் இரண்டு ஆண்டு முடிவில் கையின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் மூட்டு நழுவியது போன்ற, கட்டாயம் அறுவை தேவைப்படும் நிலைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தலை இரண்டாகப் பிளந்திருந்தாலோ, மூட்டு நழுவியிருந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ, இரத்தக்குழாய் சேதமடைந்திருந்தாலோ காத்திருக்க இடமில்லை. மற்ற நிலைகளில், "அறுவை செய்யாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து அம்மாவால் என்ன செய்ய முடியும், செய்தால் கூடுதலாக என்ன செய்ய முடியும்?" என்று கேளுங்கள். தலைவாருவது, சோற்றுக் கையை வாய்க்குக் கொண்டுபோவது, சேலைக் கொசுவத்தைச் செருகுவது என்று வீட்டு வேலைகளைச் சொல்லிக் கேட்டால் மருத்துவரும் அந்த அளவில் பதில் சொல்வார்.

மூன்றாம் படி: எலும்பின் வலுவை அறுவைக்கு முன்பே அறிதல்

பனை மரத்தை அறுத்தவருக்கு ஒன்று தெரியும். வெளியே கருவைரம், உள்ளே நார் நாராகச் சோறு. வைரத்தில் இறங்கிய ஆணி அசையாது; சோற்றில் இறங்கிய ஆணியைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். மேற்கை எலும்பும் ஏறக்குறைய அந்த அமைப்புடையது. தண்டுப் பகுதியில் கெட்டியான ஓடு இருக்கிறது. தலைப்பகுதியில் மெல்லிய ஓட்டுக்குள் கடற்பஞ்சு போன்ற எலும்பு நிறைந்திருக்கிறது. முதுமையில், அதிலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, அந்தப் பஞ்சின் இழைகள் மெலிந்து அறுந்து, தலையின் நடுப்பகுதி ஏறத்தாழ வெறுமையாகிவிடுகிறது. பிளேட்டின் ஸ்க்ரூக்கள் பிடித்து நிற்க வேண்டிய இடம் அதுவே. உலோகம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அது பற்றிக்கொள்ள எலும்பு இருக்க வேண்டும்.

இதை அறியப் பெரிய செலவு தேவையில்லை. ஏற்கெனவே எடுத்த எக்ஸ்ரேயிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. தோள்தசை வந்து ஒட்டும் மேட்டுக்குச் சற்று மேலே, எலும்பின் இரு வெளிவிளிம்புகளும் இணையாகத் தொடங்கும் இடத்தில், எலும்பின் முழு அகலத்தை உள்குழலின் அகலத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். விடை 1.4க்குக் கீழே இருந்தால் அந்த எலும்பின் ஓடு மெலிந்துவிட்டது என்று பொருள். "டாக்டர், படத்தில் எலும்பு ஓடு எவ்வளவு தடிப்பாக இருக்கிறது? ஸ்க்ரூ பிடிக்குமா?" என்று நீங்கள் கேட்டால் போதும். மூன்று, நான்கு துண்டாக இருந்தால் சி.டி. ஸ்கேன், உட்புறத் தாங்கல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையும் காட்டும்.

எலும்பு அடர்த்தியை அளக்க டெக்ஸா ஸ்கேன் உண்டு. அதில் வரும் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) −1க்கும் −2.5க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவு இது. அவசர அறுவைக்கு முன்பே இந்த ஸ்கேனை எடுக்க முடியாமல் போகலாம். பிறகாவது எடுத்துவிட வேண்டும். முதியோருக்கு இடுப்பு முதுகெலும்பில் தேய்மானத்தால் எலும்பு முளைத்திருந்தால் அங்கே அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். ஆகவே தொடை எலும்புக் கழுத்தின் அளவையும் பாருங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே தோள் முறிந்திருக்கிறது என்றால், ஸ்கேன் என்ன சொன்னாலும் அந்த எலும்பு வலுவிழந்தது என்றே கொள்ள வேண்டும்.

அடர்த்தியும் வலுவும் ஒன்றல்ல என்பதை நம் பகுதியில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தென்காசி மாவட்டம் கடையம் வட்டாரத்தின் சில ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை விடலாம் என்பது இந்தியத் தரநிலை. பல்லாண்டுகள் அதற்கு மேல் குடித்தவரின் எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரிந்தாலும் எளிதில் உடையக்கூடும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கும் இப்படித்தான்: அளவு இயல்பாக இருக்கும், எலும்பு நலிந்திருக்கும். கறைபடிந்த பற்கள், பிறந்த ஊர், குடித்த கிணறு, சர்க்கரை நோய் இருந்த ஆண்டுகள் ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்காமலே சொல்லுங்கள்.

இரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு, பாராதைராய்டு ஹார்மோன், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லலாம். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் நீண்ட காலம் எடுத்த ஸ்டீராய்டு மாத்திரையும், வலிப்பு மாத்திரையும் எலும்பைக் கரைக்கும். பெயர் தெரியாத பொடிகள் எடுத்திருந்தால் பொட்டலத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நான்காம் படி: எந்த அறுவை என்பதைப் புரிந்துகொள்ளுதல்

முதலாவது, பிளேட்டும் ஸ்க்ரூவும். இன்று பயன்படுத்தும் பிளேட்டில் ஸ்க்ரூவின் தலையே பிளேட்டோடு மரையில் பூட்டிக்கொள்ளும். அதனால் மெலிந்த எலும்பிலும் பழைய பிளேட்டைவிட நன்றாக நிற்கும். ஆனால் தலைக்கு உட்புறத்தில் அடித்தாங்கல் நொறுங்கிப் போயிருந்தால், தலை மெல்ல உட்புறமாகச் சாயும். பிளேட்டோடு பூட்டப்பட்ட ஸ்க்ரூவால் பின்வாங்க முடியாது. எனவே அது எலும்பைத் துளைத்துக்கொண்டு மூட்டுக்குள் நீட்டிக்கொள்ளும். என் ஆச்சிக்கு நடந்தது இதுவே. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இந்த அறுவைக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு சிக்கல் வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டு அஞ்சிப் பின்வாங்க வேண்டியதில்லை. சிக்கலைக் குறைக்கும் வழிகள் உண்டு. தலையின் அடிப்பகுதியைத் தாங்கும்படி சாய்வாக ஸ்க்ரூ செலுத்துவது, தசைநார்களை உறுதியான நூலால் பிளேட்டோடு சேர்த்துத் தைப்பது, எலும்புக் குழலுக்குள் தானமாகப் பெற்ற காலெலும்புத் துண்டை முட்டுக் கொடுப்பது, ஸ்க்ரூ முனையில் எலும்பு சிமெண்ட் இடுவது ஆகியவை அவை. "எலும்பு மெலிந்திருந்தால் இவற்றில் எதைச் செய்வீர்கள்?" என்பது முறையான கேள்வி.

இரண்டாவது, தலைகீழ் தோள்மூட்டு மாற்று. இயற்கையில் கை எலும்பின் தலை பந்தாகவும் தோள்பட்டை எலும்பு குழியாகவும் இருக்கும். இதில் பந்தைத் தோள்பட்டையிலும் குழியைக் கையிலும் மாற்றிப் பொருத்துவார்கள். பிரான்ஸ் நாட்டின் பால் கிராமோன் 1980களில் இதை உருவாக்கினார். கையைத் தூக்கும் உட்தசைநார்கள் அறுந்திருந்தாலும் வெளிப்புறத் தோள்தசை அந்த வேலையை ஏற்றுக்கொள்வதே இதன் சிறப்பு. உடைந்த தலை கூடுமா, உயிரோடிருக்குமா என்று காத்திருக்கும் தேவையும் இல்லை. நார்வேயில் 65 முதல் 85 வயது வரையிலான 124 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையாக விலகிய முறிவுக்கு பிளேட்டைவிட இந்த மூட்டு மாற்று இரண்டு ஆண்டு முடிவில் நல்ல பயன் தந்தது. செலவு கூடுதல், மூட்டு நழுவுதல், கிருமித் தொற்று, தோள்முனை எலும்பில் விரிசல் ஆகியவை இதற்குரிய சிக்கல்கள். இந்த அறுவையைத் தொடர்ந்து செய்து பழகியவரிடம் செய்துகொள்வது நல்லது.

மூன்றாவதாக, எலும்புத் தலையை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்று உண்டு. முண்டுகள் சரியாகக் கூடினால்தான் அது பயன் தரும். மெலிந்த எலும்பில் அவை பெரும்பாலும் கூடுவதில்லை என்பதால் முதியோருக்கு இப்போது குறைவாகவே செய்கிறார்கள்.

செலவைப் பற்றி ஒரு சொல். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். எந்த அறுவைக்கு, எந்த உள்கருவிக்கு எவ்வளவு ஒப்புதல் கிடைக்கும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வோரும் குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

ஐந்தாம் படி: அறுவைக்கு முந்தைய நாட்கள்

இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் சொல்வார்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தைச் சொல்ல நம் ஆச்சிமார் வெட்கப்படுவார்கள். வெட்கத்தைப் போக்கிச் சொல்லவைப்பது வீட்டாரின் பொறுப்பு. நிகோடின் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், புண் ஆறுவதையும் கெடுக்கும். அக்குளைத் தினமும் சோப்பிட்டுக் கழுவித் துடையுங்கள். தோள் அறுவையில் தொற்றை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்று, அக்குளிலும் தோளிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் இயல்பாகவே வாழ்வது.

அறுவைக்குப் பிந்தைய இரவில் சில முதியோர் நேரம், இடம் தெரியாமல் பேசுவார்கள்; ஸ்லிங்கைக் கழற்றப் பார்ப்பார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று கலங்க வேண்டாம். மயக்க மருந்து, வலி, உப்புச் சத்துக் குறைவு, சிறுநீர்த் தொற்று எனக் காரணம் ஏதாவது இருக்கும், செவிலியரிடம் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் கூடவே வைத்திருங்கள். பழகிய குரல் ஒன்று பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் அமைதியடைவார்கள்.

ஆறாம் படி: சிக்கலை அதன் காலத்திலேயே கண்டுகொள்ளுதல்

முதல் இரண்டு வாரங்களில் கவனிக்க வேண்டியது புண். சிவந்து சூடாவது, நீர் கசிவது, காய்ச்சல், குறைந்துவந்த வலி மீண்டும் கூடுவது ஆகியவை தொற்றின் அடையாளங்கள். வெளியே எதுவும் தெரியாமல், பல மாதம் கழித்து மந்தமான வலியாகவும் இறுக்கமாகவும் மட்டும் வெளிப்படும் தொற்றும் தோளில் உண்டு. ஆகவே ஆறாவது மாதத்தில் வரும் புது வலியை "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிவிடாதீர்கள். கெண்டைக்கால் ஒருபக்கம் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே செல்ல வேண்டும். அது இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம்.

இரண்டாம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை, பிளேட் வைத்தவருக்கு மிக முக்கியமான காலம். தலை சரிவதும் ஸ்க்ரூ துளைப்பதும் இந்தக் காலத்தில்தான் அதிகம் தெரியவரும். இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பன்னிரண்டாம் வாரம் என்று எக்ஸ்ரே எடுப்பது பொதுவான வழக்கம். வலி இல்லையென்று ஆறாம் வாரப் படத்தைத் தவிர்த்துவிடாதீர்கள். முன்பு தூக்கிய உயரத்துக்குக் கை இப்போது வரவில்லை, அசைக்கும்போது அரைக்கும் ஓசை, இரவில் புதிதாகக் குத்தும் வலி: இவை மூன்றில் ஒன்று இருந்தாலும் குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் படம் எடுங்கள். முனை நீட்டிய ஸ்க்ரூவைச் சீக்கிரம் கண்டுபிடித்து எடுத்தால் மூட்டின் குழியைக் காப்பாற்றலாம். தாமதித்தால் அது உளிபோல் குழியைத் தேய்த்துவிடும். பிறகு மூட்டு மாற்றுக்குக்கூட எலும்பு மிஞ்சாது. எங்கள் ஆச்சி ஓசையைச் சொன்ன அன்றே போனதால் குழி தப்பியது.

எலும்பு கூடாமல் போவது மூன்று மாதத்துக்குப் பிறகு தெளிவாகும். தலைக்கு இரத்த ஓட்டம் நின்று எலும்பு பட்டுப்போவது இன்னும் தாமதமாக, ஓரிரு ஆண்டு கழித்தும் வெளிப்படலாம். தலையோடு ஒட்டிய எலும்பு முனை 8 மில்லிமீட்டருக்கும் குறைவாக மிஞ்சியிருந்து, உட்புற இணைப்பும் 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால், முறிந்த வேளையிலேயே இரத்த ஓட்டம் குறைந்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் அப்படிக் குறைந்த எல்லாத் தலையும் பட்டுப்போவதில்லை. பட்டுப்போன தலையோடு வலி குறைவாக வாழ்பவர்களும் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்து மட்டும் மறு அறுவையை முடிவுசெய்ய வேண்டாம்.

தலைகீழ் மூட்டு பொருத்தியவர் முதல் மூன்று மாதம் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது. பின்கொசுவம் சரிசெய்வது, கொண்டை முடிவது, கட்டிலில் கையூன்றி எழுவது ஆகியவை மூட்டை நழுவச் செய்யும் அசைவுகள். முன்புறம் கொக்கி வைத்த தளர்வான ரவிக்கையாகப் பார்த்து, அடிபட்ட கையை முதலில் நுழைத்துக் கடைசியில் கழற்றுங்கள்.

ஏழாம் படி: கையை அசைத்தல்

விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றின் பயிற்சியை முதல் நாளே தொடங்கலாம். மணிக்கொருமுறை பத்துத் தடவை விரல்களை மடக்கி விரித்தால் கை வீங்காது. தோளை எப்போது அசைப்பது என்பதை எலும்பின் வலுவும் அறுவையின் உறுதியுமே முடிவுசெய்யும். பிடிப்பு நன்றாக இருந்தால் சில நாட்களிலேயே பிறர் தாங்கி அசைக்கலாம். எலும்பு மெலிந்திருந்தால் அறுவை செய்தவர் இரண்டு மூன்று வாரம் பொறுக்கச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரருடைய அட்டவணையைப் பார்த்து நீங்கள் தொடங்கக் கூடாது. அறுவை செய்தவர் எழுதிக் கொடுத்ததை இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பொதுவாக முதலில் ஊசல் பயிற்சி: நல்ல கையை மேசையில் ஊன்றி, இடுப்பில் குனிந்து, அடிபட்ட கையை விழுதுபோல் தொங்கவிட்டு, உடலை அசைத்தால் கை தானாகச் சுழலும். குனிந்த அதே நிலையில் அக்குளைத் துடைத்து உலர்த்திவிடலாம். ஆறு வாரம் அளவில் தானே தூக்கும் பயிற்சி. சுவரில் விரல்களால் ஏறுதல். கதவுநிலையில் சிறு கப்பி மாட்டி நல்ல கையால் மற்றக் கையை இழுத்தல். கப்பி என்றதும் ஒரு பெரியவர் கிணற்றுக் கப்பியில் வாளியையே கட்டி இழுத்துவிட்டு வந்து நின்றார். கயிற்றில் எடை எதுவும் இருக்கக் கூடாது. நிறைகுடத்தை இடுப்பில் வைப்பது, ஆட்டுக்கல் அரைப்பது, ஆட்டைக் கயிற்றில் பிடிப்பது எல்லாம் மூன்று மாதம் தாண்டி, படத்தில் எலும்பு கூடியதைப் பார்த்த பிறகே.

"பீடி எப்ப சுத்தலாம்?" என்று கேட்காத ஆச்சியை நான் பார்த்ததில்லை. அது அவர்களுடைய வருமானம். அலட்சியமாகப் பதில் சொல்லக் கூடாது. முழங்கை விலாவை ஒட்டியிருக்க, மடியில் சுளகை வைத்து இலையை உருட்டி நூல் சுற்றுவது விரல் வேலை, தோளை இழுக்காது. மருத்துவர் ஒப்பினால் சில வாரங்களில் கால்மணி நேரம் கால்மணி நேரமாகத் தொடங்கலாம். இலைக்கட்டைத் தூக்குவதும் கடைக்குச் சுமந்துபோவதும் வேறொருவர் செய்யட்டும்.

உறங்கும்போது இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்த நிலையில் படுத்து, முழங்கைக்கு அடியில் ஒரு மடித்த துணியை வையுங்கள். முழங்கை பின்னால் சரிந்தால்தான் இரவில் வலிக்கும். பயிற்சிக்கு நகரம் வர இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

எட்டாம் படி: எலும்புக்கு மருந்து

அதிகம் விடுபட்டுப்போவது இந்தப் படிதான். தையல் பிரித்ததும் சிகிச்சை முடிந்துவிட்டதாக எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். தோள் முறிந்த முதியவருக்கு அடுத்த ஓராண்டுக்குள் இடுப்பு முறியும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். இடுப்பு முறிவு ஒருவரைப் படுக்கையில் தள்ளிவிடும். அதைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன.

வாரம் ஒரு முறை 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் மாத்திரை ஒன்று. அதைக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல், காப்பிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும், மருந்தும் சேராது. அப்படி முடியாதவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை 5 மில்லிகிராம் சோலெட்ரோனிக் அமிலம் இரத்தக்குழாய் வழியாகச் சொட்டு மருந்தாக ஏற்றுவார்கள். இடுப்பு முறிவு அறுவையான 90 நாட்களுக்குள் இதைத் தொடங்கியவர்களுக்குப் புதிய முறிவுகள் 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்றிய ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம், தானே போய்விடும். சிறுநீரகம் நலிந்தவருக்கு இது ஆகாது; வைட்டமின் டி குறைவைச் சரிசெய்த பிறகே ஏற்ற வேண்டும்; பல் பிடுங்கும் வேலை இருந்தால் முன்பே முடித்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசியை நடுவில் நிறுத்திவிட்டால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கக்கூடும். அதைத் தொடங்கினால் தேதி தவறாமல் போட வேண்டும், நிறுத்துவதென்றால் மாற்று மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். மிகக் கடுமையான எலும்புப்புரைக்கு, எலும்பை வளர்க்கும் டெரிபாரடைடு ஊசி தினமும் இரண்டு ஆண்டு வரை உண்டு; விலை கூடுதல். இந்த மருந்துகள் முறிந்த எலும்பு கூடுவதைக் கெடுக்கும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. வழக்கமான அளவில் அப்படிக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் திண்ணை நிழலில் நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கும் வீட்டை விட்டு இறங்காத முதியோருக்கும் வைட்டமின் டி குறைவாகவே இருக்கிறது. காலை ஆறு, ஏழு மணி இளவெயில் இதமானது. ஆனால் வைட்டமின் டியை உண்டாக்கும் கதிர் அதில் மிகக் குறைவு. பத்து மணிக்கு மேல் கையும் காலும் படும்படி கால்மணி, அரைமணி நேரம் உட்காரலாம். முதிய தோல் அந்தச் சத்தைக் குறைவாகவே உண்டாக்கும் என்பதால் பலருக்கு மருந்தும் வேண்டியிருக்கும். வாரம் ஒன்று என்று தரும் 60,000 அலகு மாத்திரையைச் சொன்ன வாரங்களுக்கு மேல் தாமாகத் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். அது இரத்தக் கால்சியத்தை ஏற்றி, வாந்தியும் குழப்பமும் சிறுநீரகப் பாதிப்பும் உண்டாக்கும்.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். கேழ்வரகு 100 கிராமில் முந்நூற்றுக்கு மேல் கிடைக்கிறது. எள், முருங்கைக் கீரை, மோர், முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவையும் நல்லவை. இரத்த அழுத்தம் இருந்தால் கருவாட்டுக்குப் பதில் பச்சை நெத்திலி. நம் வீடுகளில் பூப்பெய்திய பெண்ணுக்கு இடுப்புக்கு வலு என்று கிண்டிக் கொடுக்கும் உளுந்தங்களியை எழுபது வயது ஆச்சிக்கும் கொடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியைக் குறைத்து. புரதம் இல்லாமல் எலும்பும் கூடாது, தசையும் தேறாது. இரவில் ரசஞ்சோறு மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பயறோ சேர்த்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: மறுபடி விழாமல் வீட்டைச் சரிசெய்தல்

ஸ்லிங் போட்டவருக்கு ஒரு கை கட்டுண்டிருப்பதால் நடையின் சமநிலை குறையும். இரண்டாவது விழுதல் இந்த வாரங்களில்தான் நேர்கிறது. குளியலறைச் சுவரில், நல்ல கைப் பக்கத்தில், பிடிகம்பி ஒன்று பொருத்துங்கள். துவைத்த தண்ணீர் முற்றத்தில் தேங்காமல் பாருங்கள். உயர்ந்த வாசற்படியின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்ட் கோடு இழுத்தால் மங்கிய கண்ணுக்கும் தெரியும். மின்வெட்டு இரவுகளுக்குக் கைக்கெட்டும் இடத்தில் டார்ச். தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றால் எழும்போது தலைசுற்றுகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கண்புரை இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எலும்பு கூடி, தொல்லை ஏதும் இல்லையென்றால் முதியோருக்கு பிளேட்டை எடுக்க வேண்டியதில்லை. ஓராண்டு கழித்து ஒரு முறையும், இரண்டாண்டு கழித்து ஒரு முறையும் தோளைப் படம் எடுத்துப் பாருங்கள். டெக்ஸா ஸ்கேனை ஒன்று இரண்டு ஆண்டு இடைவெளியில், முடிந்தவரை முதலில் எடுத்த அதே இயந்திரத்தில் எடுக்க வேண்டும். இயந்திரம் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. எங்கள் ஆச்சியின் சொட்டு மருந்துத் தேதியை அடுப்படிச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, பழைய ஸ்கேன் தாளை அதன் பின்னாலேயே செருகி வைத்திருக்கிறோம்.